17 மைல் நடந்து வேலையை விட்ட சிறுவன்: எச்.ஜி. வெல்ஸின் புடைவைக்கடை நாட்கள்

எச்.ஜி. வெல்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் வருவது பூமியின் மீது படையெடுக்கும் செவ்வாய்க் கிரகவாசிகளும், கண்ணுக்குத் தெரியாத மனிதனும், காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரமும்தான். விஞ்ஞானப் புனைகதைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் என்று பாடசாலை நாட்களிலேயே அறிமுகமாகிவிட்ட பெயர் அது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தப் புத்தகங்கள் எவையும் எழுதப்படுவதற்கு முந்திய ஒரு சம்பவம். 1883ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, 16 வயதுச் சிறுவன் ஒருவன் தான் வேலை பழகிக்கொண்டிருந்த புடைவைக்கடையிலிருந்து வெளியே வந்து, காலைச் சாப்பாடும் இல்லாமல் 17 மைல் நடந்து போனான். இனி அந்த வேலையில் இருக்க முடியாது என்று தாயிடம் நேரில் சொல்லுவதற்காகவே அந்த நடை.

பிடிக்காத வேலையை எப்போது விடுவது என்ற கேள்வி இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பலரின் நித்திரையைக் கெடுக்கிற கேள்வி. அதிலும் விற்பனை வேலையில் நிற்பவர்களுக்கு அது மாதத்துக்கு ஒருமுறை, இலக்குக் கணக்குப் பார்க்கும் நாளில், தவறாமல் வந்து நிற்கும். வெல்ஸின் கதையில் அதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு முடிவு எப்படி மெல்ல மெல்லப் பழுத்து வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறொன்றை நான் வாசித்ததில்லை.

கடைக்காரரின் வீடு

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 செப்டெம்பர் 21ஆம் திகதி, லண்டனுக்குத் தெற்கே கென்ட் மாவட்டத்தின் புரொம்லி என்ற சிறு நகரத்தில் பிறந்தார். வீட்டில் அவரைப் பேர்ட்டி என்று அழைத்தார்கள். தகப்பன் ஜோசப் வெல்ஸ் முன்னர் தோட்டக்காரராக இருந்தவர். தாய் சாரா, அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் சீமாட்டி ஒருவரின் பணிப்பெண்ணாக இருந்தவர். இருவரும் திருமணத்தின் பின்னர் புரொம்லியின் பிரதான வீதியில் பீங்கான் கோப்பைகளும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்து நடத்தினார்கள். கடைக்குப் பின்னாலும், கீழே நிலவறைச் சமையலறையிலும் குடும்பத்தின் வாழ்க்கை.

ஜோசப் நல்ல பந்து வீச்சாளர். 1862இல் கென்ட் அணிக்காக, சசெக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதல்தரக் கிரிக்கெட்டில் அதைச் செய்த முதலாவது ஆள் அவர்தான். ஆனால் வியாபாரத்தில் அவருக்குக் கை வரவில்லை. கடை ஒருபோதும் ஒழுங்காக உழைத்துக் கொடுக்கவில்லை. கிரிக்கெட்டில் வந்த சிறு வருமானமே வீட்டைத் தாங்கியது. 1877இல் அவர் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டபோது அந்த வருமானமும் நின்றுபோனது.

இதற்கு முன்னர், 1874இல், ஏழு வயதில் பேர்ட்டியும் காலை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தான். அந்த வாரங்களில் தகப்பன் நூலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த புத்தகங்கள்தான் அவனுக்கு வாசிப்புப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தன. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அதிர்ஷ்டங்களில் ஒன்று அந்தக் கால் முறிவு என்று வெல்ஸ் பிற்காலத்தில் கருதினார்.

வீட்டில் காசு இல்லாமல் போனதும் 1880இல் தாய் சாரா மறுபடியும் அப்பார்க் மாளிகைக்குப் போனார், இம்முறை வீட்டு நிர்வாகியாக. சாராவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். மூவரைப் பற்றியும் அவருக்கு ஒரே கனவு: புடைவைக்கடை. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் அணிந்து, மரியாதையான பெண்களுக்குத் துணி காட்டும் ஆண் பிள்ளை. பணிப்பெண்ணாக வாழ்ந்த ஒரு தாய்க்கு அதைவிடக் கௌரவமான உத்தியோகம் கண்ணுக்குத் தெரியவில்லை. மூத்தவர்கள் பிராங்க், பிரெட் இருவரும் ஏற்கெனவே அந்த வழியில் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பேர்ட்டி.

ஒன்றன் பின் ஒன்றாகத் தோல்விகள்

1880இல், 13 வயதில், வின்ட்சர் நகரத்திலிருந்த ஒரு புடைவைக்கடையில் அவனைச் சேர்த்தார்கள். வேலை காசுமேசையில். விற்பனையாளர்கள் கொண்டுவந்து கொடுக்கும் காசை வாங்கி, மிச்சக்காசு கொடுத்து, கணக்கெழுத வேண்டும். பையனோ மேசைக்கடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். மாலையில் கணக்குப் பார்த்தால் காசு உதைத்தது. அவன் களவெடுக்கவில்லை. ஆனால் களவுக்கும் கவனக்குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலாளியிடம் நிரூபிப்பது எப்படி? ஓரிரு மாதங்களில் அந்த வேலை முடிந்தது.

அடுத்து, சொமர்செட்டின் வூக்கி கிராமத்தில் உறவினர் ஒருவர் நடத்திய பாடசாலையில் மாணவ ஆசிரியர் வேலை. அந்த உறவினரின் சான்றிதழ்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டு அவரே பதவி இழந்ததால் அதுவும் போயிற்று. பிறகு மிட்ஹேர்ஸ்ட் என்ற ஊரில் மருந்துக்கடை. அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் முறைப்படி மருந்தாளராக வருவதற்கு ஆகும் செலவைக் குடும்பத்தால் தாங்க முடியாது என்று விளங்கியதும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதையும் விட வேண்டியதாயிற்று.

இந்த இடைவெளிகளில் நடந்த இரண்டு விடயங்கள் பின்னால் பெரும் பெறுமதியுள்ளவையாகின. ஒன்று, அப்பார்க் மாளிகையின் நூலகம். தாயோடு தங்கியிருந்த நாட்களில் அவன் அங்கே பிளேட்டோவையும் வோல்டேயரையும் வாசித்தான். நிர்வாகி ஒருவரின் மகனுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் புத்தகங்கள் அல்ல அவை. மற்றது, மிட்ஹேர்ஸ்ட்டில் மருந்துக்கடைக்கு இலத்தீன் தேவை என்பதால் அங்குள்ள இலக்கணப் பாடசாலையின் அதிபர் ஹொரஸ் பயட் என்பவரிடம் பாடம் கேட்கப் போனான். சாதாரண மாணவன் மாதக்கணக்கில் படிப்பதை இவன் சில நாட்களில் விழுங்குவதைப் பயட் கவனித்தார். அந்தக் கவனிப்பை அவர் மறக்கவும் இல்லை.

ஆனால் தாயின் கண்ணில் இவை எதுவும் கணக்கில் வரவில்லை. அவர் கண்டது ஒரு வருடத்துக்குள் மூன்று இடங்களில் நிலைக்காத ஒரு பையனை. 1881இல் அவனை மறுபடியும் புடைவைக்கடைக்கே அனுப்பினார்.

சவுத்ஸீ

இம்முறை கடை போர்ட்ஸ்மத் துறைமுகத்தை ஒட்டிய சவுத்ஸீயில், கிங்ஸ் வீதியில் இருந்தது. எட்வின் ஹைட் என்பவரின் பெரிய புடைவைக்கடை. நான்கு வருடப் பயிற்சி ஒப்பந்தம். அதற்குப் பயிற்சிக் கட்டணமாக 50 பவுண் பேசப்பட்டது. இதைக் கவனிக்க வேண்டும்: வேலை செய்ய வருகிற பிள்ளைக்குக் கடை சம்பளம் கொடுக்கவில்லை, பிள்ளையின் தாய் கடைக்குக் காசு கட்டினார்.

நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணித்தியாலம் வேலை. கடை திறக்க முன்னரே இறங்கித் தூசி தட்டி, யன்னல் துடைத்து, மூடியிருந்த துணிகளை எடுத்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் வந்தால் கேட்டதை ஓடி எடுத்துவந்து கொடுக்க வேண்டும். அவர்கள் போனதும் விரித்த துணியையெல்லாம் மறுபடி மடித்துச் சுருட்டி அடுக்க வேண்டும். வேலை எதுவும் இல்லாத நேரம்தான் மிகவும் கொடுமையானது. ஏனென்றால் அப்போதும் வேலை செய்பவன் போலக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இருக்கக் கூடாது. இரவில் கடை மூடியதும் போய்ப் படுப்பது அதே முதலாளியின் கூட்டுப் படுக்கை அறையில், மற்றப் பயிற்சிப் பையன்களோடு. விளக்கு அணைக்கும் நேரமும் முதலாளி சொல்லும் நேரம்தான்.

இங்கே நான் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஹைட் ஒரு கொடிய முதலாளி அல்ல. அக்காலத்துக் கடைகளோடு ஒப்பிட்டால் அந்தக் கடை நல்ல கடைகளில் ஒன்று என்பதை வெல்ஸே பின்னாளில் ஏற்றுக்கொண்டார். பையன்கள் வாசிக்கப் புத்தகங்கள்கூட அங்கே இருந்தன. அப்படியிருந்தும் அந்த இரண்டு வருடங்களையும் தன் வாழ்க்கையின் மிகவும் துயரமான காலமாகவே அவர் நினைவுகூர்ந்தார். இருண்ட நாட்களில் கடலைப் பார்த்தபடி, உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு அந்த மனச்சோர்வு போனது.

முதலாளி மோசமானவரில்லை, சாப்பாடு கிடைக்கிறது, கூரை இருக்கிறது. பிறகு என்ன குறை? வேலையை விட நினைக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டில் கேட்கப்படும் கேள்வி இதுதான். சாராவும் அதைத்தான் கேட்டார்.

பிழை எங்கே இருந்தது

அந்தக் காலத்துப் பிரித்தானியப் புடைவைக்கடைகள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்தால் விடை தெரியும். வேலையாட்கள் கடையோடு தங்கி வாழும் முறை நாடெங்கும் வழக்கத்தில் இருந்தது. சம்பளத்தின் ஒரு பகுதி சாப்பாடாகவும் படுக்கையாகவும் கொடுக்கப்பட்டது. ஆகவே வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போகும். சிறு பிழைகளுக்கெல்லாம் தண்டப்பணம் அறவிடும் விதிப் பட்டியல்கள் சுவரில் தொங்கின. வாடிக்கையாளர் எதையும் வாங்காமல் வெளியேறினால் பழி விற்பனையாளர் மீது. துணியின் தரம், விலை, முதலாளியின் கொள்முதல் ஆகியவற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வேலையை விட்டுப் போனால் நற்சான்றிதழ் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் முதலாளியின் விருப்பம்.

இந்த நிர்வாகத்தின் முகத்தை வெல்ஸ் 1905இல் வெளிவந்த கிப்ஸ் என்ற நாவலில் வரைந்து காட்டினார். அதில் வரும் முதலாளி ஷல்போர்ட், ஒழுங்குமுறை, திறமை என்ற சொற்களை ஓயாமல் உச்சரிப்பவர். கடதாசித் துண்டிலும் நூலிலும் சதக் கணக்கில் மிச்சம் பிடித்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிபவர். ஆனால் கையில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குத் தொழிலை உண்மையில் கற்றுக் கொடுப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. பயிற்சிக்காலம் முடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் தெரியாது. குறைந்த சம்பளத்துக்கு நிற்க வேண்டும், அல்லது தெருவில் இறங்கி வேறு கடை தேட வேண்டும். அந்தக் கதாபாத்திரம் கொடியவனல்ல. வேலையாட்களை மனிதராகப் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

நானும் சில வருடங்கள் ஒரு நிறுவனத்துக்காகப் பொருள் விற்றுத் திரிந்தவன். எங்கள் முகாமையாளரும் கெட்டவர் அல்லர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கடந்த மாத இலக்கை எட்டியவனுக்குக் கைதட்டுவார், அடுத்த மாதம் அவனுடைய இலக்கைக் கூட்டிவிடுவார். களஞ்சியத்தில் சரக்கு இல்லாததற்கும் எங்களிடமே விளக்கம் கேட்பார். அதனால்தான் ஷல்போர்ட்டைப் பற்றி வாசித்தபோது நான் சிரித்தாலும், அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. நூறு வருடங்களுக்கு முந்திய ஆங்கிலக் கடைக்காரர் ஒருவரை எனக்கு நேரில் தெரிந்திருந்தது போல் இருந்தது.

உடனே விடாதது ஏன்?

சவுத்ஸீயில் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே பேர்ட்டிக்கு அந்த வேலை தனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வருடம் நின்றான். அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, தாய் கட்டிய காசு. ஐம்பது பவுணில் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. மாளிகையில் வேலைக்காரியாக நின்று சேர்த்த காசு அது. இடையில் விட்டால் திரும்பி வராது. இரண்டாவது, பெயர். ஏற்கெனவே மூன்று இடங்களில் நிலைக்காதவன். நான்காவதையும் விட்டால் எங்கும் நிலைக்காத பிள்ளை என்ற பட்டம் உறுதி. மூன்றாவது, போக இடமில்லை. தகப்பனின் கடை மூழ்கிக்கொண்டிருந்தது. அப்பார்க் தாயின் வீடல்ல, எசமானியின் வீடு.

இவற்றில் முதல் இரண்டு காரணங்களும் கடந்தகாலத்தைப் பற்றியவை. மூன்றாவது மட்டுமே எதிர்காலத்தைப் பற்றியது. கட்டிய காசு, அவன் இருந்தாலும் போனாலும், கட்டியதுதான். பழைய தோல்விகளும் அப்படியே. மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: போக இடமில்லை என்பது. பேர்ட்டி கடைசியில் கைவைத்ததும் அதில்தான்.

இன்னொரு கணக்கும் அவன் மனதில் ஓடியிருக்க வேண்டும். நான்கு வருடத்தையும் முடித்தால் அவனுக்கு ஏறக்குறைய 19 வயதாகும். அதற்குப் பிறகு படிப்புக்குத் திரும்புவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நடக்கிற காரியமல்ல. இன்னும் இரண்டு வருடம் பொறுத்துப் பார்ப்பது என்றால், கதவு முழுதாக மூடும் வரை காத்திருப்பது என்றே அர்த்தம்.

கடிதமும் நடையும்

அவன் முதலில் செய்தது ஓடிப்போவதல்ல. கடிதம் எழுதினான். மிட்ஹேர்ஸ்ட்டில் தனக்கு இலத்தீன் கற்பித்த பயட்டுக்கு எழுதி, பாடசாலையில் தனக்கு ஏதாவது இடம் கிடைக்குமா என்று கேட்டான். பயட் அவனை மறக்கவில்லை. உதவி ஆசிரியராகவும் அதே நேரத்தில் மாணவனாகவும் அவனை எடுக்கலாம் என்று பதில் வந்தது. சம்பளம் சிறியதுதான். ஆனால் அது தாய் கட்ட வேண்டிய காசல்ல, அவனுக்குக் கிடைக்கப் போகிற காசு.

அதன் பிறகுதான் வீட்டோடு போராட்டம் தொடங்கியது. ஒப்பந்தத்தை இரத்துச் செய்யப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தாய்க்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினான். மன்றாடினான், வாதாடினான். இங்கேயே இருந்தால் உயிரோடிருக்க மாட்டேன் என்றுகூட எழுதினான். சாரா பக்தியுள்ள பெண். பொறுமையாக இரு, எல்லாம் சரிவரும் என்பதே அவருடைய வழி. கடிதங்களால் அவரை அசைக்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எவரிடமும் அனுமதி கேட்காமல் கடையிலிருந்து இறங்கி, போர்ட்ஸ்மத்துக்கு வடக்கே உள்ள குன்றுகளைத் தாண்டி அப்பார்க் வரை 17 மைல், அதாவது 27 கிலோமீற்றர், நடந்தான். மாளிகையின் வேலையாட்கள் தேவாலயத்தில் வழிபாடு முடிந்து மேட்டு வழியால் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு வந்த தாயை, வழியோரப் புதர்களுக்கிடையிலிருந்து எழுந்து நின்று மறித்தான். கடிதத்தில் எழுதியதையே சொன்னான். ஆனால் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்து வந்து முன்னால் நிற்கும் மகனை அப்படி மடித்து வைக்க முடியாது.

சாரா உடனே சம்மதித்துவிடவில்லை. இன்னும் சில வாரம் இழுபட்டது. கடைசியில் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. அந்தக் கோடையின் முடிவில் பேர்ட்டி மிட்ஹேர்ஸ்ட்டுக்குப் போனான். அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பாடசாலையில் வேலை செய்ய அங்கிலிக்கன் திருச்சபையில் உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும். அந்த வயதிலேயே மத நம்பிக்கையை இழந்திருந்த அவன், வேலைக்காகத் தலை குனிந்து அதைப் பெற்றுக்கொண்டான். அந்தச் சிறுமை வெகுகாலம் அவனை உறுத்திக்கொண்டிருந்தது. வெளியே வரும் கதவும் இலவசமாகத் திறப்பதில்லை.

அதன் பிறகு

மிட்ஹேர்ஸ்ட்டில் நடந்தது வேகமானது. அரசாங்கத்தின் விஞ்ஞான, கலைத் திணைக்களம் நடத்திய பரீட்சைகளில் மாணவர்கள் சித்தியடைந்தால் பாடசாலைக்கு மானியம் கிடைக்கும். பயட் மாலை வகுப்புகளைப் பெயரளவில் நடத்தினார், வெல்ஸ் பாடப்புத்தகங்களைத் தானே படித்துப் பரீட்சை எழுதினார். பெறுபேறுகள் அவ்வளவு சிறப்பாக இருந்ததால் லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்த விஞ்ஞான ஆசிரியர் கல்லூரிக்கு இலவச அனுமதியும், கிழமைக்கு ஒரு கினி உதவிப்பணமும் கிடைத்தன. 1884இல், புடைவைக்கடையை விட்டு ஒரு வருடத்தில், அவர் டார்வினின் தோழரான ரி.எச். ஹக்ஸ்லியின் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

இதை வைத்து, வேலையை விட்டதும் எல்லாம் பொன்னாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. ஹக்ஸ்லிக்குப் பிறகு வந்த பாடங்களில் அவருக்கு ஆர்வம் குன்றியது. 1887இல் இறுதிப் பரீட்சையில் புவிச்சரிதவியற் பாடத்தில் தவறி, பட்டமில்லாமல் வெளியேறினார். வேல்ஸ் பகுதியில் ஒரு மோசமான பாடசாலையில் ஆசிரியரானார். அங்கே உதைபந்தாட்டத்தில் அடிபட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பிறகு நுரையீரலிலிருந்து இரத்தம் வந்தது. 1890இல்தான் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் கிடைத்தது. 1893இல் மறுபடியும் இரத்தம் கக்கியபோது, வகுப்பில் நின்று கற்பிக்கும் தொழில் இனி முடியாது என்றாகி எழுத்தை நம்பத் தொடங்கினார். அதே வருடம் தாய் சாராவும் அப்பார்க் வேலையை இழந்தார். 1895இல் கால இயந்திரம் வெளிவந்தது. அடுத்த மூன்று வருடங்களில் டொக்டர் மோரோவின் தீவு, கண்ணுக்குத் தெரியாத மனிதன், உலகங்களின் போர் ஆகியவை வந்தன. சவுத்ஸீக் கடையிலிருந்து அந்தப் புகழ் வரை 12 வருடங்கள். அதில் பாதிக்கு மேல் நோயும் பற்றாக்குறையும்.

கால இயந்திரத்தில், வெளிச்சத்தில் விளையாடித் திரியும் ஒரு கூட்டமும், அவர்களுக்காக நிலத்துக்கடியில் உழைக்கும் ஒரு கூட்டமும் வருகின்றன. நிலவறைச் சமையலறையில் வளர்ந்து, மாளிகையின் கீழ்த்தளத்து வேலையாட்களைப் பார்த்து, பிறகு கடையில் 13 மணித்தியாலம் நின்ற ஒருவர் அந்தக் கதையை எழுதியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாவல்கள், மூன்று வழிகள்

புடைவைக்கடை அவரை விட்டுப் போகவில்லை. மூன்று நாவல்களில் அவர் அங்கே திரும்பிப் போனார். 1896இல் வந்த சந்தர்ப்பச் சக்கரங்களில் ஹூப்டிரைவர் என்ற கடைச் சிப்பந்தி தனது வருடாந்த விடுமுறையில் சைக்கிளில் ஊர் சுற்றிவிட்டு, முடிவில் அதே கடைக்குத் திரும்புகிறான். கிப்ஸ், எதிர்பாராமல் கிடைத்த பெருஞ்சொத்தால் கடையிலிருந்து மீள்கிறான். 1910இல் வந்த மிஸ்ரர் பொலியின் வரலாற்றில், நட்டத்தில் ஓடும் சிறு கடையின் முதலாளியான பொலி, கடைக்குத் தீ வைத்துவிட்டு ஒருநாள் வீட்டையும் விட்டு நடந்துவிடுகிறார்.

திரும்பிப் போவது, அதிர்ஷ்டம் வருவது, கொளுத்திவிட்டு ஓடுவது. மூன்றில் எதுவும் வெல்ஸ் உண்மையில் போன வழியல்ல. அவருடைய வழி ஒரு கடிதம், ஒரு பதில், ஒரு நீண்ட நடை, சில வார இழுபறி என்று சாதாரணமானது. அதில் நாவலுக்கான விறுவிறுப்பு இல்லை. ஆனால் வாழ்க்கையில் வேலை செய்தது அதுதான்.

கிப்ஸ் வெளிவந்த 1905ஆம் ஆண்டில்தான் சாராவும் இறந்தார். புடைவைக்கடையே தன் பிள்ளைகளுக்கு மேலான இடம் என்று நம்பிய தாய் அவர். அந்த நம்பிக்கையை மீறிய மகன்தான் வயதான பெற்றோரைக் காசு கொடுத்துப் பராமரித்தார். தாய் சொன்ன வழியிலே போன மூத்தவர்கள் இருவரில் பிராங்க் அந்தத் தொழிலை விட்டு மணிக்கூடு திருத்துபவரானார். பிரெட் தென்னாபிரிக்காவுக்குப் போனார்.

இதற்கிடையில் அந்தக் கடைகளும் மாறத் தொடங்கின. விட்டுப் போகாதவர்கள் அதற்காகப் போராடினார்கள். 1891இல் கடைச் சிப்பந்திகளின் தேசியத் தொழிற்சங்கம் உருவானது. பெண் விற்பனையாளர்கள் உட்கார ஆசனம் வைக்க வேண்டும் என்று 1899இல் சட்டம் வந்தது. 1911இல் கிழமைக்கு அரைநாள் விடுமுறை உறுதியானது. புடைவைக்கடையில் வேலை பழகி, பின்னர் தொழிற்சங்கத்தில் வளர்ந்த மார்கிரட் பொண்ட்பீல்ட் 1929இல் பிரித்தானியாவின் முதலாவது பெண் அமைச்சரவை உறுப்பினரானார். கடை ஊழியர் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத் திருத்தம் வந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எல்லோராலும் நடந்து வெளியேற முடியாது. நிற்பவர்களுக்கும் நாற்காலி வேண்டும்.

விடுவது பழக்கமானால்

1934இல் எழுதிய தன்வரலாற்றில் வெல்ஸ், சவுத்ஸீயை விட்டு வந்ததைத் தன் வாழ்க்கையின் திருப்புமுனையாகக் கண்டார். வாழ்க்கை போதாது என்றால் அதை மாற்று, சலிப்பை ஒருபோதும் சகிக்காதே என்ற கொள்கையை அங்கிருந்துதான் அவர் பெற்றுக்கொண்டார். கடையைப் பொறுத்தவரை அது அவரைக் காப்பாற்றியது. ஆனால் அதே கொள்கையை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். 1891இல் மணம் முடித்த மைத்துனி இசபெலை, மூன்று வருடம் முடியுமுன்னரே விட்டுப் பிரிந்து, தன் மாணவி ஏமி கதரின் ரொபின்சோடு போனார். பிறகு அவரை மணந்த பின்னரும் வேறு உறவுகள் தொடர்ந்தன. புடைவைக்கடையை விட்டு வரும்போது பின்னால் அழுவதற்கு எவரும் இருக்கவில்லை. குடும்பத்தில் அப்படியல்ல. வேலையை விடுவதற்குரிய துணிவும் மனிதர்களை விடுவதற்குரிய துணிவும் ஒன்றல்ல என்பதையும் இந்த வாழ்க்கை சேர்த்தே சொல்கிறது.

1946 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 79 வயதில், வெல்ஸ் லண்டனில் காலமானார்.

எப்போது விடுவது என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். முதலாளி கெட்டவரா நல்லவரா என்பதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. நல்ல கடையும் ஒருவருக்குச் சிறையாகலாம். ஏற்கெனவே போன காசையும் ஊர் சொல்லப் போகும் கதையையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் இங்கே நின்றால் எந்தக் கதவுகள் மூடப்படும் என்று பார்க்க வேண்டும். அடுத்த இடத்துக்கான கடிதத்தை, வெளியேறும் நாளுக்கு முன்னரே எழுத வேண்டும். மனம் உயிரை வெறுக்கும் அளவுக்குப் போய்விட்டால் மட்டும் எந்தக் கணக்கும் தேவையில்லை. அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும். கடிதத்தில் சொல்லி விளங்காதவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், 17 மைல் நடக்க வேண்டியிருந்தாலும்.